சாயவேர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சாயவேர், இம்பூறல், மஞ்சிட்டி மூன்றும் ஒன்றுதானா?

முதல் இரண்டும், வேரிலிருந்து சிவப்புச் சாயம் தரும் ஒரே செடியின் பெயர்கள்; தாவரவியலில் அது ஓல்டன்லாண்டியா அம்பெல்லாட்டா. மஞ்சிட்டி அதே காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கொடி. சாயவேருக்குச் சிவப்பைத் தருவது அலிசரின் என்ற சாயப்பொருள். மஞ்சிட்டியிலோ பர்புரினும், அக்கொடியின் பெயராலேயே வழங்கும் முஞ்சிஸ்டினும் முதன்மையானவை.

மணற்கரையில் தானாக முளைக்கும் செடி எப்படி அருகியது?

1868-69-இல் கிரேபெ, லீபர்மான் என்ற ஜெர்மன் வேதியியலாளர்கள் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கிய பின்னர் வேருக்கான சந்தை சரிந்தது என்பது உண்மை. ஆனால் பழியை முழுவதும் ஆலைச் சாயத்தின் மேல் போட நான் உடன்படமாட்டேன். நீலச் சாயம் தரும் அவுரியின் தழையை அறுத்தால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். சாயவேரிலோ அறுவடை என்பதே செடியின் முடிவு. யாழ்ப்பாணம், மன்னார் கரைகளில் வேரகழ்வை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தம் கட்டுப்பாட்டில் வைத்து வருவாய் ஈட்டிய காலத்திலும், விதை உதிருமுன் பிடுங்கப்பட்ட ஒவ்வொரு செடியும் தன் மரபுக்கூறுகளைத் தன்னோடே கொண்டுபோயிருக்கும்.

நல்ல சிவப்பு தரும் ஒரே செடியைத் திசு வளர்ப்பில் (அதன் சிறு துண்டுகளை ஆய்வகத்தில் வளர்த்து) பெருக்கினால் போதாதா?

நாற்றுகளின் எண்ணிக்கைக்குப் போதும், மீட்புக்குப் போதாது. திசு வளர்ப்பிலோ தண்டுக் குச்சியிலோ பெறும் பத்தாயிரம் நாற்றுகளும் மரபளவில் ஏறத்தாழ ஒரே செடிதான் என்பதால், அதனைக் கொல்லவல்ல ஒரு நோய் வந்தால் தோட்டம் முழுவதும் ஒருசேரப் போய்விடும். மேலும், நிறத்தின் ஆழம் வேரின் வயதையும் மண்ணையும் பொறுத்தது. ஆகவே உங்கள் 'நல்ல செடி' பிறவியிலேயே நல்லதா, வாய்த்த மணலால் நல்லதா என்பது, பல ஊர்ச் செடிகளை ஒரே பாத்தியில் ஒரே காலம் வளர்த்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

மீட்க வேண்டுமானால் விதையிலிருந்து தொடங்குங்கள். ஓரிடத்தில் ஏறத்தாழ 50 செடிகளிலிருந்து, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, சிறிது சிறிதாக விதை எடுங்கள்; 5 விழுக்காட்டுக்கு மேல் காணப்படும் மரபு வேறுபாடுகளில் பெரும்பகுதியை அந்த அளவே பிடித்துவிடும். முதிர்ந்த விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொடாதீர்கள். விதை பொடி போன்றது. உலர்ந்த மணலில் கலந்து மேலாகத் தூவுங்கள், ஆழப் புதைத்தால் முளை வெளியே வராது.

வேறு மாவட்டத்து விதையைக் கலந்து விதைக்கலாமா?

தொடக்கத்தில் வேண்டாம். இராமநாதபுரத்து விதையையும் ஆந்திரக் கரையின் விதையையும் தனித்தனிப் பாத்திகளில், எடுத்த இடமும் நாளும் எழுதி வையுங்கள். பின்னர் தேவை தெரிந்தால் கலக்கலாம், கலந்ததைப் பிரிக்க முடியாது.

வேரை எப்போது எடுப்பது?

ஒருமுறையேனும் காய்த்து விதை சிந்திய பிறகு. இளவேரில் சாயம் குறைவாதலால், பொறுத்திருப்பதால் சாயக்காரருக்கும் இழப்பில்லை.