போர்ஷன் முடியுமா? மலைப் பள்ளிக்கு வரலாற்று ஆண்டுத் திட்டம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஜூனிலிருந்து எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புதிய வரலாற்றுப் பாடத்திட்டம். கற்காலத்தில் தொடங்கிக் காலனியாதிக்கம் வரை பதினொரு பாடம்; வரலாற்றுக்கு வாரம் மூன்று பீரியடு. மே கடைசிக்குள் ஆண்டுத் திட்டம் கொடுக்கச் சொல்கிறது நிர்வாகம். திட்டம், பாடக்குறிப்பு, வினா வங்கி எல்லாம் பென்டிரைவில் தருவதாக ஓர் ஏஜென்ட் வந்துபோனார். வாங்கலாமா? உள்ளூர் வரலாறும் சேர்க்கவேண்டுமாம். நேரம் போதுமா?

பதில்: வாங்காதீர்கள். நேரம் போதும், ஆனால் கணக்கை ஒழுங்காகப் போட்டால்தான்.

வேலை நாள் 210 என்றால் 42 வாரம். தேர்வுகளுக்கும் விடைத்தாள் கொடுப்பதற்கும் ஏழு வாரம் போகும். மீதி 35 வாரத்தில் 105 பீரியடு. பெரும்பாலான திட்டங்கள் இந்த 105-ஐ அப்படியே பதினொன்றால் வகுத்துவிடுகின்றன. உங்கள் ஊரில் அது நடக்காது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மண்சரிவு என்றால் காலையில்தான் விடுமுறை அறிவிப்பு வரும். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை, விளையாட்டு விழா, ஆண்டு விழா வேறு. 15 பீரியடைக் கழித்து 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். (கூடலூர், பந்தலூர் பள்ளிகளுக்கு மழைக்கழிவு ஜூன் முதல் ஆகஸ்டு வரை.) திருப்புதலுக்கு 10, உள்ளூர் வரலாற்றுக்கு 8 போக 72 மிச்சம்.

இந்த 72-ஐச் சமமாகப் பங்கு போடாதீர்கள். புரட்சிகள், தொழிற்புரட்சி, காலனியாதிக்கம் மூன்றுக்கும் தலா 9, மற்ற எட்டுப் பாடங்களுக்குத் தலா 5. மீதமுள்ள 5 பீரியடைக் காலாண்டுக்கு முன் இரண்டு, நவம்பர் முடிவில் மூன்று என்று காலியாகவே விடுங்கள். ஜூனில் உற்சாகமாகக் கற்காலத்துக்கும் நாகரிகங்களுக்கும் முப்பது பீரியடு செலவழித்துவிட்டு, பிப்ரவரியில் காலனியாதிக்கத்தை இரண்டே பீரியடில் வாசித்து முடிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. நீலகிரிப் பிள்ளைக்குத் தன் ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்று விளங்கவைக்கும் பாடம் அதுதான். அதைப் போய் வாசித்துத் தள்ளலாமா?

ஒவ்வொரு பாடத்துக்கும் முதலில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். புத்தகத்தில் ஒரு வரியை அடிக்கோடிட்டு விடை சொல்ல முடியாத கேள்வியாக இருக்கட்டும். பிறகு அதற்கு ஒரு சான்று: வரைபடம், படம், அல்லது எண்பது சொல்லுக்கு மிகாத ஒரு பகுதி. 40 நிமிட வகுப்பில் கேள்விக்கு 5, இருவர் இருவராகச் சான்றைப் பார்க்க 10, பேச 15, அரைப்பக்கம் எழுத 10. சான்று நீண்டுவிட்டால் வாசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும், எழுதுவது வீட்டுப்பாடமாகும், மறுநாள் வகுப்பே ஒரே விடையைக் காப்பியடித்து வரும்.

உள்ளூர் வரலாற்றைத் தனிப் பாடமாக ஓரத்தில் வைக்காமல், பாடங்களுக்கு நடுவே செருகுங்கள். கற்காலத்தோடு கரிக்கியூர் பாறை ஓவியங்கள், ஒரு பீரியடு. தொழிற்புரட்சியோடு மலை ரயில், ஒன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் அது வந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும் ஏன் பல்சக்கரத் தண்டவாளம் என்று கேட்டாலே நீராவி இயந்திரத்தின் பலமும் வரம்பும் பிடிபடும். காலனியாதிக்கத்தோடு அன்றைய கோவை கலெக்டர் சல்லிவனும் நிலமும் இரண்டு, தேயிலையும் சின்கோனாவும் (மலேரியா மருந்துக்கான மரம்) இரண்டு.

சல்லிவன் 1819-இல் வந்ததிலிருந்துதான் நீலகிரிக்கு வரலாறு என்று நடத்திவிடாதீர்கள். 1603-லேயே ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் இந்த மலைக்கு ஏறி வந்திருக்கிறார். அவருக்கும் முன்பிருந்தே தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் இங்கே வாழ்ந்தவர்கள். அந்தப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், எழுப்பி நிறுத்தி "உங்கள் வழக்கத்தைச் சொல்லு" என்று கேட்காதீர்கள்.

மீதி இரண்டு பீரியடு வாய்மொழி வரலாற்றுக்கு. இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படித் தாயகம் திரும்பியோருக்கு வேலை தரவே இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். தாத்தா பாட்டியிடம் கேட்கச் சொல்லலாம். வீட்டாரின் சம்மதம் முதலில் எழுத்தில் வரட்டும். கேள்வி மூன்று போதும்: எப்படி வந்தீர்கள், முதல் நாள் என்ன வேலை, எதை விட்டு வந்தீர்கள். பாஸ்போர்ட், பட்டா, ரேஷன் கார்டு பற்றி ஒரு வார்த்தையும் கூடாது. காகிதத்துக்காக அலைந்த வீடுகள் அவை. பள்ளியிலிருந்து அந்தக் கேள்வி போனால் பயந்துவிடுவார்கள். ஆண்டு தவறாகச் சொன்னால் திருத்தாமல் அப்படியே எழுதட்டும். வகுப்பில் ஒப்பந்த ஆண்டோடு வைத்துப் பார்க்கலாம். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். விடுதிப் பிள்ளைகளும் வீட்டில் பெரியவர் இல்லாதவர்களும் பள்ளி அருகே ஒரு பெரியவரை உங்கள் முன்னிலையில் சேர்ந்து கேட்கட்டும்.

ஏஜென்ட் மறுபடி வருவார். அவருடைய திட்டத்தில் நவம்பர் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வாரம் மூன்று பீரியடும் நிரம்பியிருந்தால் அது சமவெளிக்கு அச்சடித்தது. வினா வங்கியில் பத்துக் கேள்வியை எடுத்துப் பாருங்கள். பத்துக்கும் விடை புத்தக வரியாகவே இருந்தால் பழைய சரக்குக்குப் புது அட்டை. ஸ்மார்ட் போர்டோடு சேர்த்து மூன்று ஆண்டு ஒப்பந்தம் என்றால் நிர்வாகத்தைக் கையெழுத்துப் போடவிடாதீர்கள். மழையில் கரண்ட் போனால் அது வெறும் பலகை. களப்பயணம் என்று மலை ரயில் பேக்கேஜ் விற்பவர்களும் இதே ரகம். உங்களுக்குக் கன்னேரிமுக்கு சல்லிவன் நினைவகம் பக்கத்திலேயே இருக்கிறது, கையில் மூன்று கேள்விகளோடு அரை நாள் போதும்.

இப்படிப்பட்டவர்கள் பிழைப்பதற்குக் காரணம் ஆசிரியரின் சோம்பல் அல்ல. பாடத்திட்டம் ஜூனில் மாறும். பயிற்சி முதல் இடைத்தேர்வு முடிந்தபின் வரும். அதற்குள் எமிஸ் (பள்ளி விவரங்களுக்கான அரசு இணையதளம்) பதிவு, பதிவேடு, சுற்றறிக்கைக்குப் பதில் என்று மாலை நேரம் போய்விடும். ஆய்வுக்கு வருபவர் பாடக்குறிப்பேட்டில் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறார். பிள்ளைகள் எழுதிய அரைப்பக்கத்தைப் புரட்டுவதில்லை.

ஆகவே மே மாதம் பதினொரு பாடத்துக்கும் விரிவான குறிப்பு எழுதி உட்காராதீர்கள். நிர்வாகத்துக்கு ஒரே பக்கம்: மாத வாரியாகப் பாடம், பீரியடு எண்ணிக்கை, காலியாக விட்ட ஐந்து, கீழே 90 என்ற கூட்டல். விரிவான குறிப்பு முதல் இரண்டு பாடத்துக்கு மட்டும். மற்றவற்றை, முந்தைய பாடத்தில் பிள்ளைகள் எழுதியதைப் பார்த்தபின் எழுதுங்கள். "105 ஏன் இல்லை?" என்று கேட்டால், சென்ற ஆண்டு வருகைப் பதிவேட்டில் மழை விடுமுறை நாட்களை எண்ணிக் காட்டுங்கள்.