மெல்லிய லேப்டாப்பா, கேமிங் லேப்டாப்பா? வாங்கப் போகிறவர்களுக்கான கேள்வி பதில்

பன்னிரண்டு வருடமாக லேப்டாப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். என் மேசைக்கு வரும் மெஷின்களில் பல கெட்டுப்போனவையே இல்லை. வாங்கியவருக்குப் பொருந்தாதவை, அவ்வளவுதான். "ஸ்லோவா இருக்கு", "சார்ஜ் நிக்கலை", "கலர் சரியில்லை" என்று கொண்டு வருவார்கள். திறந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஐம்பதாயிரம் முதல் எண்பதாயிரம் ரூபாய்க்குள் வாங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தந்தை: சார், பையன் இந்த வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறான். கோடிங்குக்கு கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்கிறான். 65,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். உண்மையிலேயே தேவையா?

கோடிங்குக்குத் தேவையில்லை சார். முதல் இரண்டு வருடம் சி, பைத்தான், ஜாவா, டேட்டாபேஸ் என்றுதான் பாடம் போகும். இவை எதுவும், கேமின் படங்களை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டைத் தொடுவதே இல்லை. அவனுக்கு வேண்டியது 16 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்), ஓரளவு நல்ல ப்ராசஸர். அந்தப் பணத்தை இந்த மூன்றில் போடுங்கள்.

கடையில் நிற்கும்போது எடையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இந்த விலையில் வரும் கேமிங் லேப்டாப் பெரும்பாலும் இரண்டே கால் கிலோவுக்குக் குறையாது. அதன் சார்ஜர் செங்கல் மாதிரி இருக்கும், அது தனியாக அரைக் கிலோ. இரண்டும் சேர்ந்து மூன்று கிலோவை நெருங்கிவிடும். மெல்லிய லேப்டாப் ஒன்றரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும், 65 வாட் டைப்-சி சார்ஜரை போனுக்கும் போட்டுக்கொள்ளலாம். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற பையனாக இருந்தால், கேமிங் லேப்டாப் இரண்டே மாதத்தில் வீட்டோடு தங்கிவிடும். வகுப்பில் எல்லா பெஞ்சுக்கும் பிளக் பாயின்ட் இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வருடம் மெஷின் லேர்னிங் வந்தால் என்ன செய்வது என்று பையன் கேட்பான். பிரவுசரிலேயே கோட் ஓட்டத் தரும் கூகுள் கோலாப், இலவசக் கணக்கிலேயே டி4 என்ற கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தத் தருகிறது. அதில் 16 ஜிபி நினைவகம் உண்டு. உங்கள் பட்ஜெட்டில் லேப்டாப்புக்குள் வரும் கார்டுகளில் 4 அல்லது 6 ஜிபிதான் இருக்கும். கோலாபில் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது, ஆனாலும் பாடத்துக்கும் சின்ன ப்ராஜெக்டுக்கும் போதும்.

அப்புறம் ஒன்று. பையனுக்கு கேம் ஆடவும் ஆசை இருக்கலாம். அதில் தவறே இல்லை. அதைப் படிப்பின் பெயரில்தான் கேட்க முடியும் என்று அவன் நினைக்கிறானோ என்னவோ, உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான், மேசையில் வைத்தே பயன்படுத்தப் போகிறான் என்றால் கேமிங் லேப்டாப்பே அவனுக்குச் சரியாக இருக்கலாம். காரணம் தெரிந்து வாங்குங்கள்.

கோவையிலிருந்து மெக்கானிக்கல் மாணவர்: அண்ணா, சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ் ரெண்டும் ஓடணும். 75,000 பட்ஜெட். ஆர்டிஎக்ஸ் 4050 என்று போட்ட எதை வாங்கினாலும் ஒன்றுதானே?

தம்பி, சாலிட்வொர்க்ஸ் மெஷின் பாகங்களை வரைவது, ஆன்சிஸ் அவற்றைக் கணக்கிட்டுச் சோதிப்பது, இரண்டுமே கனமான மென்பொருள், அதனால் உங்களுக்கு கேமிங் லேப்டாப் சரிதான். ஆனால் ஒன்றுதானா என்றால், இல்லவே இல்லை. உங்கள் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

ஆர்டிஎக்ஸ் 4050 என்பது என்விடியாவின் ஒரு கிராபிக்ஸ் கார்டு. லேப்டாப்புக்கான 4050 கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்ட என்விடியா அனுமதிக்கிறது. எத்தனை வாட் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பவர்தான் முடிவு செய்கிறார். உடம்பு மெலிசாகவும் ஃபேன் சின்னதாகவும் இருந்தால் வாட்டைக் குறைத்துவிடுவார். பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் இரண்டுக்கும் ஒன்றே. குறைந்த வாட்டில் ஓடும் 4050-ஐயும் முழு வாட்டில் ஓடும் 3050-ஐயும் பக்கத்தில் வைத்தால், பெயரில் ஒரு படி மேலே இருப்பதன் லாபம் பெரும்பாலும் கரைந்திருக்கும். லேசான கேமிங் லேப்டாப்பை வாங்கி ஏமாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

2019-இல் நானே இப்படி வாங்கியிருக்கிறேன். குறைந்த வாட் வகை என்பதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: "டிஜிபி எத்தனை வாட்?" என்று கேளுங்கள், டிஜிபி என்றால் கார்டுக்குக் கொடுக்கும் அதிகபட்ச மின்சக்தி. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், தயாரிப்பாளரின் தளத்தில் அந்த முழு மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். டிஸ்பிளே மெஷின் இருந்தால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எழுதியிருக்கும்.

இன்னும் சில. ஆன்சிஸ் ரேமைத் தின்னும், 8 ஜிபி போதாது. ஒரே 16 ஜிபி ஸ்டிக் போட்ட மெஷினைவிட இரண்டு 8 ஜிபி ஸ்டிக் போட்டது வேகம், ஏனென்றால் ப்ராசஸர் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் படிக்கும். மேக்புக் பக்கம் போகவே வேண்டாம், சாலிட்வொர்க்ஸுக்கு மேக் பதிப்பு கிடையாது.

மதுரையிலிருந்து: ரைசன் 5 7520யு போட்ட லேப்டாப்பை "7000 சீரிஸ், லேட்டஸ்ட்" என்கிறார்கள். 7530யு கொஞ்சம் விலை கூட. பத்து நம்பர் வித்தியாசம்தானே?

நம்பரில் பத்து, உள்ளே ஒரு தலைமுறை. இந்த வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், ஏஎம்டி ப்ராசஸரின் உள் வடிவமைப்பான ஜென் எந்தத் தலைமுறை என்று அது சொல்லும். 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. ஜென் 2 வடிவமைப்பு 2019-இல் வந்தது. 7520யு-வில் நான்கு கோர், 7530யு-வில் ஆறு கோர். அதைவிட முக்கியம், 7520யு-வோடு வரும் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். 7530யு-வையே வாங்குங்கள்.

இன்டெலில் கடைசி எழுத்தைப் பாருங்கள். யு என்றால் மின்சாரம் குறைவாகக் குடிப்பது. எச் என்றால் வேகம் அதிகம், சூடும் அதிகம்.

சிவகாசியிலிருந்து ஆல்பம் டிசைனர்: கல்யாண ஆல்பம், காலண்டர் டிசைன் செய்கிறேன். 144 ஹெர்ட்ஸ் கேமிங் லேப்டாப் வாங்கினால் கலர் நன்றாக வருமா?

144 ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் திரை எத்தனை முறை மாறுகிறது என்ற கணக்கு. நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது "100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி" என்று எழுதியிருக்கிறதா என்பதை. திரை காட்டக்கூடிய நிறங்களை அளக்கும் ஓர் அளவுகோல் அது. விலை குறைந்த கேமிங் லேப்டாப் பலவற்றில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று வேறோர் அளவுகோலில், சின்ன எழுத்தில் இருக்கும். எஸ்ஆர்ஜிபி கணக்கில் அது முக்கால் பங்குகூட வராது. பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு அந்தத் திரையில் வெளிறித் தெரியும். நீங்கள் சிவப்பைக் கூட்டுவீர்கள், அச்சில் அது ரத்தச் சிவப்பாக வந்து நிற்கும். பேப்பர் வீணாவது ஒருபுறம், வாடிக்கையாளரிடம் பெயர் கெடுவது இன்னும் பெரிய நஷ்டம்.

உங்கள் வேலைக்கு நல்ல திரையுள்ள மெல்லிய லேப்டாப்பே மேல். போட்டோஷாப்புக்குப் பெரிய கார்டு கட்டாயமில்லை, ரேம்தான் வேண்டும். ஓஎல்இடி திரையில் நிறம் அருமையாக இருக்கும். ஆனால் வெளிச்சத்தைக் குறைத்தால் சில ஓஎல்இடி திரைகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுங்கும், சிலருக்கு அதனால் தலைவலி வரும். கடையில் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

திருச்சியிலிருந்து: கேமிங் லேப்டாப் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. கேம் ஆடாமல் பிரவுசர் மட்டும் திறந்தாலே இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் இறங்குகிறது. பேட்டரி பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பேட்டரி 60 வாட்-அவர் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் 15 வாட் எடுத்தால் நான்கு மணி நேரம் வரும், 30 வாட் எடுத்தால் இரண்டு மணி நேரம். உங்கள் மெஷினில் கிராபிக்ஸ் கார்டு தூங்காமல் விழித்தே இருக்கிறது என்று நினைக்கிறேன். லேப்டாப்போடு வந்த மென்பொருளில் கிராபிக்ஸ் மோடை ஹைப்ரிட் (தேவைப்படும்போது மட்டும் கார்டு விழிக்கும் முறை) என்று மாற்றுங்கள். பேட்டரியில் ஓடும்போது திரையை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

கேம் ஆடும்போது மட்டும் சார்ஜரைக் கழற்றாதீர்கள். சுவர் மின்சாரத்தில் 150 வாட்டுக்கு மேல் இழுக்கும் மெஷினுக்கு அதைப் பேட்டரியால் கொடுக்க முடியாது, அதனால் வேகத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். கரன்ட் போன நொடியில் கேம் திணறுவது இதனால்தான். எப்போதும் பிளக்கிலேயே வைத்திருப்பவர் என்றால் 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி செட்டிங்கில் வையுங்கள். பேட்டரி உப்பி வரும் மெஷின்களில் வருடக்கணக்காக 100 சதவீதத்திலேயே, சூட்டோடு நின்றவை அதிகம்.

சேலம்: மெல்லிய லேப்டாப்பில் வேலரன்ட் ஓடுமா?

ஓடும். அது கனமான கேம் இல்லை. உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், சிஸ்டம் ரேமைத்தான் தன் நினைவகமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் 16 ஜிபி டூயல் சேனலாக, அதாவது இரண்டு வழியில் ஒரே நேரத்தில் படிக்கும்படி இருக்கட்டும். மேக்கில் மட்டும் வேலரன்ட் கிடையாது.

திருநெல்வேலியிலிருந்து ஓர் எழுத்தாளர்: மொழிபெயர்ப்பு, தட்டச்சு மட்டும்தான் எனக்கு வேலை. பழைய எம்1 மேக்புக் ஏர் ஒன்று விலைக்கு வருகிறது. எடுக்கலாமா? தமிழ் தட்டச்சுக்கு வசதி உண்டா?

எடுக்கலாம் அம்மா, சில விஷயங்களைப் பார்த்துவிட்டு. அது 2020 நவம்பரில் வந்த மாடல். எடை 1.29 கிலோ. ஃபேன் கிடையாது, அதனால் சத்தமே இருக்காது, தூசி அடைத்துக்கொள்ளும் தொல்லையும் இல்லை. ரேமை ஏற்ற முடியாது, பெரும்பாலும் 8 ஜிபிதான் விற்பனைக்கு வரும். எழுத்து வேலைக்கு அது போதும். சிஸ்டம் ரிப்போர்ட்டில் பேட்டரியின் சைக்கிள் எண்ணிக்கையை (முழு சார்ஜ் எத்தனை முறை செலவானது என்ற கணக்கை) பாருங்கள், ஆப்பிள் அதற்கு வைத்திருக்கும் வரம்பு 1000. விற்பவர் தன் ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறியதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த மெஷின் உங்களுக்குப் பயன்படாது.

தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் மேக்கிலேயே இருக்கின்றன. விண்டோஸிலும் 2019 மே அப்டேட்டிலிருந்து உள்ளேயே வருகின்றன. அதனால் தட்டச்சுக்காக இதுவா அதுவா என்று குழம்ப வேண்டியதில்லை.

வேறு பழைய விண்டோஸ் லேப்டாப் பார்த்தால், விண்டோஸ் 11 ஏறுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது.

புதுக்கோட்டையிலிருந்து: மாமா சிங்கப்பூரிலிருந்து வருகிறார். அங்கேயே கேமிங் லேப்டாப் வாங்கி வரச் சொல்லலாமா? கஸ்டம்ஸில் பிடிப்பார்களா?

18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டு வரலாம். விமானத்தில் கைப்பையில் கொண்டு வருவதே நல்லது. 100 வாட்-அவர் வரை பேட்டரிக்குத் தனி அனுமதி தேவையில்லை, பெரிய கேமிங் லேப்டாப்புகள்கூட 99 சொச்சத்தில் நிறுத்திக்கொள்வது அதனால்தான். சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். சுவரில் சொருகும் வயரை மட்டும் இங்கே மாற்றிக்கொள்ளலாம்.

எனக்குள்ள தயக்கம் வாரன்டியில்தான். பல மாடல்களுக்கு வாங்கிய நாட்டில் மட்டுமே வாரன்டி செல்லும். கேமிங் லேப்டாப் சூட்டில் உழைக்கும் மெஷின், முதல் வருடத்தில் மதர்போர்டு போனால் சர்வதேச வாரன்டி இல்லாமல் தாங்க முடியாத செலவு. விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

ஈரோடு: இப்போது 8 ஜிபி வாங்கிவிட்டு, பிறகு ரேம் விலை குறையும்போது ஏற்றிக்கொள்ளலாமா?

இந்த யோசனையை ரொம்ப வருடம் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. ஏஐ சர்வர்களுக்கு நினைவகம் போய்க்கொண்டிருப்பதால் 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. மெல்லிய லேப்டாப் பலவற்றில் ஏற்றுவதற்கு ஸ்லாட்டே இல்லை. முடிந்தவரை 16 ஜிபியாகவே வாங்குங்கள். எஸ்எஸ்டியை வேண்டுமானால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சென்னை: ரிச்சி ஸ்ட்ரீட் போகலாமா, ஆன்லைனா? புதுசுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டிலும் நல்லது உண்டு. நேரில் போனால் கீபோர்டைத் தட்டிப் பார்க்கலாம், மூடியை ஒரு விரலால் திறந்து கீலைப் பார்க்கலாம், திரையைக் கண்ணால் பார்க்கலாம். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைத் திறப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள்.

எங்கே வாங்கினாலும் அன்றே இரண்டு வேலை செய்யுங்கள். சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரன்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். அடுத்து, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புது மெஷினில் அது மிகக் குறைவாகவே இருக்கும். போன தீபாவளி சமயம் ஒருவர் புதிதாக வாங்கிய லேப்டாப்பில் ஒரு சின்ன வேலைக்காக என்னிடம் வந்தார். பார்த்தால் 900 மணி நேரத்துக்கு மேல் காட்டியது. கடையில் ஷோகேஸில் ஓடிய மெஷின். பில் போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, அதனால் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.