வாசகர் கேள்விகள்: தங்கத் தாதுச் சோதனையில் சி.ஆர்.எம்.

தாதுவில் தங்கம் பெரும்பாலும் டன்னுக்குச் சில கிராம்தான் இருக்கும். அந்த அளவில் ஆய்வகம் சொல்லும் எண்ணை நம்பலாமா என்று காட்டுவது சி.ஆர்.எம். எனப்படும் சான்றுபெற்ற ஒப்பீட்டுப் பொருள்: தங்க அளவு பல ஆய்வகங்களில் முன்பே நிறுவப்பட்ட தாதுப்பொடி. அதைப் பற்றி வந்த கேள்விகள் சில.

எங்கள் சி.ஆர்.எம். சான்றிதழில் மதிப்பு டன்னுக்கு 2.50 கிராம், திட்ட விலக்கம் 0.08, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 2.47 முதல் 2.53 வரை என்று இருக்கிறது. ஆய்வகம் 2.62 கொடுத்தது. மேலதிகாரி அந்தத் தொகுதி முழுவதையும் திருப்பி அனுப்பச் சொல்கிறார். சரியா?

வேண்டாம். அடிக்கடி நடக்கும் பிழை இது. 2.47–2.53 என்பது சான்றிதழ் மதிப்பு எவ்வளவு உறுதியானது என்று சொல்கிறது. ஒரு தனிச் சோதனை எங்கே விழும் என்று சொல்வதில்லை. தனிச் சோதனைக்குப் பார்க்கவேண்டியது திட்ட விலக்கம், அதாவது தனி முடிவுகள் வழக்கமாகச் சிதறும் அளவு. உங்கள் விலகல் 0.12. அதை 0.08-ஆல் வகுத்தால் 1.5. தேறிவிட்டது.

பெரும்பாலான சுரங்கங்களில் நடைமுறை இது: இரண்டு திட்ட விலக்கத்துக்குள் (2.34–2.66) இருந்தால் ஏற்பு. அதைத் தாண்டினால் எச்சரிக்கை. அடுத்தடுத்து இரண்டு முடிவுகள் ஒரே பக்கம் தாண்டினால் தோல்வி. மூன்றைத் தாண்டினால் (2.26–2.74) ஒன்றே போதும், மறுசோதனைதான்.

நம்பிக்கை இடைவெளி பயன்படும் இடம் வேறு. இருபது முடிவுகளின் சராசரி 2.58 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே தேறியிருக்கலாம். ஆனாலும் ஆய்வகம் 3 சதவீதத்துக்கு மேல் கூட்டிச் சொல்கிறது என்பது அங்கேதான் தெரியவரும். அதனால் முடிவுகளைத் தேதிவாரியாக வரைபடத்தில் குறித்துவாருங்கள். தேறியது, தேறவில்லை என்று மட்டும் எழுதிவைத்தால் இந்தச் சாய்வு கண்ணில் படாது.

ஆக்சைடு தாதுவில் செய்த சி.ஆர்.எம். ஒழுங்காக வருகிறது. சல்பைடு சி.ஆர்.எம். மட்டும் எப்போதும் குறைவாக வருகிறது. ஏன்?

தாதுவை உருக்கச் சேர்க்கும் கலவையைப் பாருங்கள். ஃபயர் அஸ்ஸே என்பது பொடியை உருக்கி, தங்கத்தை ஈயத்தில் சேர்த்துப் பிரிக்கும் சோதனை. அதில் மிருதார்சிங்கியை (ஈய ஆக்சைடு) ஈயமாக்கத்தான் மாவு சேர்க்கிறோம். பைரைட்டும் (இரும்புச் சல்பைடு) அதே வேலையைச் செய்யும்: ஒரு கிராம் பைரைட் ஏறக்குறைய 12 கிராம் ஈயத்தை இறக்கிவிடும். 30 கிராம் பொடியில் 10 சதவீதம் பைரைட் என்றால், மாவே போடாமல் 36 கிராம் ஈயம். வழக்கமான மாவையும் சேர்த்தால் ஈயக்கட்டி அளவுக்கு மீறிப் பெருக்கும். ஈயத்தை உறிஞ்சும் கிண்ணமான குப்பெலில் அதைப் போக்க நேரம் நீளும், தங்க இழப்பும் கூடும். கந்தகம் முழுவதும் எரியாதபோது கசடுக்கும் ஈயத்துக்கும் நடுவே மேட் என்ற சல்பைடு படலம் உருவாகித் தங்கத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாவை நிறுத்தி, தேவைப்படும் அளவு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) சேருங்கள். ஒரு கிராம் வெடியுப்பு சுமார் 4 கிராம் ஈயத்தைக் குறைக்கும். ஈயக்கட்டி 30–40 கிராமில் நிற்கவேண்டும்.

உங்கள் தாது சல்பைடாக இருக்க, ஆக்சைடு சி.ஆர்.எம். மட்டும் வைத்திருந்தால் இந்தக் கோளாறு வெளியே தெரிந்தே இருக்காது. தாதுவின் தன்மைக்கு ஒத்த சி.ஆர்.எம். வாங்கச் சொல்வது இதனால்தான். இன்னொன்று: சான்றிதழில் ஃபயர் அஸ்ஸே மதிப்பும் ராஜதிராவக (அமிலக் கலவையில் கரைத்துச் சோதித்த) மதிப்பும் தனித்தனியே இருக்கும். ஒன்றை மற்றதோடு ஒப்பிடாதீர்கள்.

ஜாடியில் வாங்குவதா, ஒருமுறைப் பொட்டலமா?

பொட்டலம். பயணத்தில் குலுங்கும் ஜாடியில் கனமான துகள்கள் கீழே இறங்கிவிடும். திறந்து திறந்து மூடினால் சல்பைடு ஆக்சிஜனை ஏற்று எடைகூடும். செலவு கருதி ஜாடிதான் என்றால், ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலக்கிவிட்டு எடுங்கள்.

எங்கள் தாதுவை அரைத்து நாங்களே ஒப்பீட்டுப் பொருள் செய்துகொள்ள முடியாதா?

உள்பயன்பாட்டுக்கு முடியும். ஆனால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டன்னுக்கு ஒரு கிராம் தாதுவில் 30 கிராம் எடுத்தால், அதில் தங்கம் 30 மைக்ரோகிராம். 75 மைக்ரான் விட்டமுள்ள ஒரு தங்கமணி சுமார் 4.3 மைக்ரோகிராம். அப்படியானால் மூசையில் விழுவது ஏழே மணிகள். ஒருமுறை நாலு விழும், ஒருமுறை பத்து விழும். ஆய்வாளர் பிசகே செய்யாவிட்டாலும் முடிவு 38 சதவீதம் ஆடும். மணி 10 மைக்ரான் என்றால் ஏறக்குறைய 3,000 மணிகள். ஆட்டம் 2 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

அரைத்தால் மணி நொறுங்கும் என்று நினைப்பீர்கள். கல் நொறுங்கும்; தங்கமோ தட்டையாகித் தகடாக நிற்கும். அதனால் இயல்பிலேயே நுண்ணிய தங்கமுள்ள தாதுவாகத் தேர்ந்தெடுங்கள். 105 டிகிரியில் உலர்த்தி, நுண்ணிதாக அரைத்து, கலக்கி, பொட்டலம் கட்டியபின் வெவ்வேறு இடத்திலிருந்து இருபது பொட்டலங்களை எடுத்துச் சோதியுங்கள். சிதறல் உங்கள் வழக்கமான சோதனைச் சிதறலைத் தாண்டினால் அந்தச் சரக்கு உதவாது.

இந்தியாவிலேயே தங்க ஒப்பீட்டுப் பொருள் வந்துவிட்டதாமே?

2019-இல் வெளிவந்த பி.என்.டி. 4201-ஐச் சொல்கிறீர்கள். அது 99.99 சதவீதத் தூய தங்கம். நகை, கட்டித்தங்கத்தின் மாற்றுப் பார்க்க உதவும். தாதுவுக்கு அது பொருந்தாது.

சி.ஆர்.எம். எல்லாம் தேறுகிறது. ஆனால் துளையிட்டு எடுத்த ஒரே கல்லின் இரண்டு பாதிகள் வேறு வேறு அளவு காட்டுகின்றன. யாரை நம்புவது?

சி.ஆர்.எம். அரைத்த பொடியாகவே வருவதால், எடைபோடுவதிலிருந்து அளவு படிப்பதுவரை மட்டுமே அது சாட்சி சொல்லும். உடைப்பதிலும் பிரிப்பதிலும் நேரும் தவறு அதற்குத் தெரியாது. உடைப்பானில் ஒட்டிய தங்கம் அடுத்த மாதிரிக்குத் தொற்றுகிறதா என்று பார்க்க, தங்கமில்லாத குவார்ட்ஸ் கல் துண்டுகளை வளமான மாதிரிக்கு அடுத்து அனுப்புங்கள். உடைத்த பொருளை இரண்டாகப் பிரித்து இரண்டையும் சோதியுங்கள். அவை ஒத்துப்போனால் வேறுபாடு கல்லிலேயே இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் பெருமணித் தங்கம் இருக்கிறதா என்று பாருங்கள்: ஒரு கிலோ பொடியை 106 மைக்ரான் சல்லடையில் சலித்து, மேலே தங்கியதை முழுவதுமாகவும், கீழே விழுந்ததில் இரண்டு மாதிரிகளையும் தனித்தனியே உருக்கி, எடை விகிதப்படி சேர்த்துக் கணக்கிடுங்கள்.