விளக்கில்லாத அறை

அன்புள்ள ஐயா,

சாலொமோன் கட்டிய ஆலயத்தைப் பற்றி 1 இராஜாக்கள் புத்தகத்தில் வாசித்தேன். பிராகாரம் உடல், பரிசுத்த ஸ்தலம் மனம், மகா பரிசுத்த ஸ்தலம் உள்ளொளி என்று பட்டது. இப்படி வாசிக்கலாமா? சபையில் சொன்னால் முறைக்கிறார்கள்.

ச.

அன்புள்ள ச.,

தாராளமாக வாசிக்கலாம். எருசலேமில் இரண்டாம் ஆலயம் இடிபடாமல் நின்ற காலத்திலேயே, அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் ஃபிலோ கடவுளுக்கு இரண்டு ஆலயங்கள் என்று எழுதினார்: ஒன்று இந்தப் பிரபஞ்சம், மற்றது பகுத்தறியும் ஆன்மா.

ஆனால் ‘உள்ளொளி’யில்தான் எனக்கு இடறுகிறது. அந்த அளவுகளைப் பொறுமையாகப் பாருங்கள். 60 முழ நீள ஆலயத்தில் கடைசி 20 முழம்தான் மகா பரிசுத்த ஸ்தலம் என்ற அந்த உள்ளறை. அகலமும் உயரமும் அதே 20 முழம். பொன் விளக்குத்தண்டுகள் பத்தும் அதற்கு வெளியே நிற்கின்றன, வலப்புறம் ஐந்து, இடப்புறம் ஐந்து. உள்ளே விளக்கென்று ஒன்று சொல்லப்படவே இல்லை. பிரதிஷ்டை நாளில் சாலொமோனே சொல்கிறான், கர்த்தர் காரிருளில் வாசம்பண்ணுவேன் என்றார் என்று. உங்கள் கணக்குப்படியே பார்த்தாலும் வெளிச்சம் இருப்பது மனத்தின் அறையில். யோசிப்பது, ஜெபிப்பது, நம்மை நாமே நோட்டம் விடுவது எல்லாம் அங்கேதான். அதைத் தாண்டினால் இருட்டு.

முறைக்கிறவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ‘நீங்கள் தேவனுடைய ஆலயமாயிருக்கிறீர்கள்’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது பன்மையில். தமிழில் மரியாதைக்கும் ‘நீங்கள்’தான் என்பதால், தனியாளிடம் சொன்னதுபோல நம் காதில் விழுகிறது. கட்சி கட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபை மொத்தத்தையும் சேர்த்துத்தான் அவர் ஆலயம் என்கிறார். அந்த வசனத்தை மட்டும் உங்கள் வாசிப்புக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள்.

அப்புறம் லேவியராகமம் 16-ஐப் பாருங்கள். அது ஆலயம் கட்டுமுன், கூடாரத்தில் ஆராதித்த காலத்து முறைமை. பிரதான ஆசாரியன் வருஷத்தில் ஒரு நாள் திரைக்கு உள்ளே, மகா பரிசுத்த ஸ்தலத்துக்குப் போகிறான். கையில் விளக்கு இல்லை, தணல் நிறைந்த தூபகலசம். தூபவர்க்கத்தைத் தணலில் போட்டதும் புகை எழும்பி, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தை மூட வேண்டும், மூடாவிட்டால் சாவு. இருக்கிற இருட்டு போதாதென்று புகை வேறு!

உங்கள் கடிதம் அவனை உள்ளே விட்டதோடு நின்றுவிடுகிறது. அவனோ வெளியே வந்து, சணல்நூல் வஸ்திரங்களைக் கழற்றி வைத்து, குளித்து, தன் உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஜனங்களுக்காகப் பலியிடப் போகிறான். 23, 24-ஆம் வசனங்கள். அவற்றையும் சேர்த்து வாசித்துவிட்டு எழுதுங்கள்.