மீட்டர் ஒரு வரிசை, ஸ்விட்ச் வேறு வரிசை: கை ஏன் தவறுகிறது?

கேள்வி: எங்கள் கன்ட்ரோல் பேனலில் நான்கு பம்புகளின் பிரஷர் மீட்டர்கள் மேலே ஒரே வரிசையில் 1, 2, 3, 4 என்று இருக்கின்றன. கீழே ஸ்விட்சுகள் இரண்டிரண்டாக இரு வரிசையில். அனுபவமுள்ள ஆபரேட்டர்களே சில சமயம் தவறான பம்பை நிறுத்திவிடுகிறார்கள். பெரிய லேபிள் ஒட்டியும் சரியாகவில்லை. மறுபடி பயிற்சி தரலாமா?

பதில்: பயிற்சி இருக்கட்டும், முதலில் பேனலை மாற்றுங்கள். தயவுசெய்து ஆட்களைத் திட்டாதீர்கள்.

மூன்றாவது மீட்டரின் முள் சட்டென்று இறங்குகிறது. கண் பார்த்துவிட்டது, கை கீழே போகிறது. மூன்றாவது ஸ்விட்ச் எது? வரிசையாக எண்ணினால் கீழே இடது. மேலிருந்து கீழாக எண்ணினால் மேலே வலது. இரண்டுமே நியாயமான கணக்கு! நிதானமாக இருக்கும்போது லேபிளைப் படிப்போம். பதற்றத்தில் கை இடத்தை நம்பித்தான் போகும்.

இது பழைய பாடம். 1959-இல் சப்பானிஸ், லிண்டன்பாம் என்ற ஆய்வாளர்கள் நான்கு பர்னர் அடுப்பை வைத்துச் சோதித்தார்கள். திருகுகள் ஒரே வரிசையில். பர்னர்களையும் திருகுகளையும் இணைப்பதில் நான்கு விதமான அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 1200 முயற்சிகள். பர்னர்களைச் சற்றே தள்ளித் தள்ளி வைத்து, இடமிருந்து வலமாகத் திருகுகளின் வரிசையோடு ஒத்துப்போகச் செய்த அமைப்பில் ஒரு தவறுகூட இல்லை. பர்னர்களைச் சதுரமாக வைத்து, எந்தத் திருகு எந்தப் பர்னருக்கு என்பதை மட்டும் மாற்றிய மற்ற மூன்றில் 76, 116, 129 தவறுகள்.

ஆகவே ஒவ்வொரு ஸ்விட்சையும் அதனதன் மீட்டருக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள். இப்போதைக்கு முடியாது என்றால், மீட்டரிலிருந்து ஸ்விட்ச் வரை தடித்த கோடு வரையுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், நிறக்குருடு உள்ளவர்களுக்கு அது உதவாது.

பேனலில் திருகுகளும் இருந்தால் அவை திரும்பும் திசையையும் பாருங்கள். மின்சாதனத் திருகை வலப்பக்கம் திருப்பினால் அளவு கூடும் என்று எதிர்பார்ப்போம். குழாய் வால்விலோ வலப்பக்கம் திருப்பினால் மூடும். வால்வோடு பழகியவர் மின்திருகை எதிர்த்திசையில் திருப்புவது கவனக்குறைவு அல்ல, பழக்கம். செங்குத்தான மீட்டர் என்றால் திருகை அதன் வலப்புறம் வையுங்கள். வலப்பக்கம் திருப்பும்போது மீட்டரை ஒட்டிய ஓரம் மேலே போகும், முள்ளும் மேலே போகும். இடப்புறம் வைத்தால் அந்த ஓரம் கீழே இறங்கும், முள் ஏறும். மனம் ஒரு நொடி குழம்பும்.

ஒரே மாதிரியான பேனல்கள் பல இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பாதி பழையது, பாதி புதியது என்று விட்டால் இப்போதைவிட மோசமாகும். மாற்றிய புதிதில் பழைய பழக்கம் கையை இழுக்கும், அந்த நாட்களில் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

அப்புறம் ஒரு சோதனை. லேபிள்களைத் தாளால் மூடிவிட்டு, பேனலைப் பார்த்தே இராத ஒருவரிடம் ஒவ்வொரு மீட்டராகக் காட்டி, "இதற்கான ஸ்விட்ச் எது?" என்று கேளுங்கள். அவர் விரல் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.