தோள்பட்டை வலிக்கு ஆபரேஷன் இல்லாமல் ஊசியிலேயே குணம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அது எந்த வலி என்று தெரிந்த பிறகுதான். கையைத் தூக்க முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்கிறீர்கள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் சர்க்கரை பாருங்கள்.

நான் பள்ளி ஆசிரியை. கரும்பலகையின் மேல்பாதியில் எழுத முடியாமல் போனது, அப்புறம் தலை பின்னவே மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தே ஐந்து மாதம் வீணாக்கினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கடைசியில் பார்த்த ஆர்த்தோ டாக்டர் என் முழங்கையை இடுப்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பினார், அவர் திருப்பியும் ஒரு அளவுக்கு மேல் போகவில்லை. ஃப்ரோசன் ஷோல்டர், மூட்டு உறை தடித்துச் சுருங்கிவிட்டது, சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும் என்றார்.

ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போட்டார்கள். மரத்துப்போகும் மருந்து, ஸ்டீராய்டு, சலைன் எல்லாமாகச் சேர்த்து 30 மில்லி. திரையில் ஊசி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, மருந்து இறங்க இறங்கத் தோளுக்குள் யாரோ பலூன் ஊதுவது போல ஒரு இறுக்கம். கால் மணி நேரத்தில் நடந்தே வெளியே வந்தேன். அன்றைக்குத்தான் பல மாதம் கழித்து விடியும்வரை தூங்கினேன்.

ஆனால் மறுநாள் சர்க்கரை 290. ஸ்டீராய்டு போட்டால் சில நாள் ஏறும், ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும் என்பதை யாராவது ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம், பயந்தே போய்விட்டேன்.

ஸ்டீராய்டு என்றதும் எலும்பு உருகிவிடும் என்று சொல்ல வருவீர்கள். திரும்பத் திரும்பப் போட்டால் தசைநார் பலவீனமாகும், உண்மைதான், மாதாமாதம் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தானாகவே ஒன்றிரண்டு வருஷத்தில் சரியாகும் என்பவர்களும் உண்டு. பலருக்கு ஆகிறது, பொறுக்க முடிந்தவர்கள் பொறுக்கட்டும், எனக்கு ஜூனில் பள்ளி திறந்துவிடும்.

ஊசி வலியைத்தான் குறைத்தது, கையைத் தூக்க வைத்தது பிசியோ. சுவரில் விரலை நடக்கவிட்டு ஏற்றும் பயிற்சி. தினமும் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுவேன். முதல் கோடு ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில், நாலாம் மாதக் கோடு பரணுக்குக் கொஞ்சம் கீழே. இன்னும் அழிக்கவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு சாருக்கு மூட்டுத் தேய்மானம், இதயக் கோளாறால் ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவருக்குத் தோள்பட்டை எலும்புக்கு மேலே ஓடும் நரம்பில் ஊசி போட்டார்கள், தோளின் வலி உணர்வில் பெரும்பகுதி அந்த நரம்பு வழியாகத்தான் போகிறதாம். தசைநார் முழுசாகக் கிழிந்திருந்தால் மட்டும் ஊசியிலேயே காலம் தள்ளாதீர்கள், வலிதான் மறையும், கிழிசல் அப்படியே இருக்கும்.

இன்னொன்று. பதினோரு வருஷமாக பிரீமியம் கட்டுகிறேன், 24 மணி நேரம் படுக்கவில்லை என்று இன்சூரன்ஸில் ஒரு பைசா தரவில்லை. ஊசிக்காக ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்திருந்தால் தந்திருப்பார்களாம். போடுவதற்கு முன்னாலேயே உங்கள் பாலிசியில் இது வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.