வயலின்காரர் முன்னால் வைக்கும் தாள்: கடிதம்

அன்புள்ள ஐயா,

குறும்படங்களுக்கு இசையமைக்கிறேன். கீபோர்டில் வாசித்து, மிடியாகப் பதிந்து, பியானோ ரோலில், அதாவது நோட்டுகளைக் கட்டைகளாகக் காட்டும் திரையில், திருத்துவதுதான் என் வழக்கம். ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அடுத்த படத்துக்கு நான்கு வயலினையும் ஒரு செல்லோவையும் நேரடியாகப் பதிவு செய்ய வாய்ப்பு வந்திருக்கிறது. மியூஸ்கோர், டோரிக்கோ போன்ற நொட்டேஷன் மென்பொருளுக்கு இப்போதே மாறிவிடலாமா? மிடி ஃபைலை அதில் திறந்து பிரிண்ட் எடுத்தால் போதுமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

மாற வேண்டாம், ஆனால் கற்றுக்கொள்ளுங்கள். மிடி ஃபைலை மட்டும் அப்படியே பிரிண்ட் எடுத்துவிடாதீர்கள்.

என் முதல் பதிவு செஷனுக்கு முந்தின இரவு நான் அதைத்தான் செய்தேன். காலையில் முதல் வயலின்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த நோட்டு போன பார்லயே ஆரம்பிக்குதே, வேணும்னே எழுதினதா?" என்று கேட்டார். இல்லை. கணினியில் வாசித்த சாம்பிள் வயலினின் ஒலி மெதுவாகத்தான் எழும்பும் என்பதால், டிராக்கில் எல்லா நோட்டையும் 125 மில்லிசெகண்ட் முன்னால் இழுத்து வைத்திருந்தேன். டெம்போ 120. அந்த வேகத்தில் ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். அதில் சரியாகக் கால் பங்கு. ஸ்பீக்கரில் தாளத்தோடு விழுந்த நோட்டு, தாளில் முந்தின பாரின் (தாளச் சுற்றின்) கடைசியில் உட்கார்ந்து, பாரைப் பிரிக்கும் கோட்டுக்கு அப்பால் டை என்ற இணைப்புக் கோடு போட்டு நின்றது. அதே தாளில், வயலினின் மிகத் தாழ்ந்த ஜி கம்பிக்கும் கீழே, அந்த வாத்தியத்தில் கிடையவே கிடையாத சில நோட்டுகள். லெகாட்டோவிலிருந்து (இழைத்து வாசிப்பது) பிட்சிகாட்டோவுக்கு (கம்பியை விரலால் மீட்டுவது) மாற நான் அழுத்திய கீஸ்விட்ச்கள் அவை; ஒலிக்காமல், வாசிப்பு முறையை மட்டும் மாற்றும் கட்டைகள். ஐந்து பேர் பென்சிலோடு உட்கார்ந்து திருத்தினார்கள். பதிவுக்கென்று வாங்கிய நேரம் அதில் போனது.

குற்றம் மென்பொருள் மேல் இல்லை. 1983-இல் வந்த மிடி, எலெக்ட்ரானிக் வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக ஏற்பட்டது. எந்தக் கட்டையை அழுத்தினீர்கள், எவ்வளவு வேகத்தில், எப்போது விட்டீர்கள் என்பதுதான் அதற்குத் தெரியும். நடு சி-க்கு அடுத்த சி ஷார்ப்பும் டி ஃபிளாட்டும் அதற்கு 61 என்ற ஒரே எண். எந்த நோட்டுகளை ஒரே வில்லில் சேர்த்து இழுக்க வேண்டும் என்பது வயலின்காரருக்கு முக்கியமான கேள்வி. கட்டையை அழுத்திய பதிவில் அதற்குப் பதில் இல்லை. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

அதனால் இசையமைப்பதைப் பியானோ ரோலிலேயே செய்யுங்கள். உங்கள் கை பழகிய இடம் அது. சிந்த் பேட், லூப் என்று எலெக்ட்ரானிக் ஒலியிலேயே முடிகிற படமாக இருந்தால் நொட்டேஷன் பக்கம் போகவே தேவையில்லை. ஒரு ஃபில்டர் மெதுவாகத் திறப்பதை ஐந்து கோட்டில் எழுதி யாருக்கு என்ன பயன்? கர்நாடக வயலின் கலைஞர் வாசிப்பதாக இருந்தாலும் அப்படித்தான். ஸ்வரம் எழுதிக் கொடுத்து, ஒரு தடவை பாடிக் காட்டுங்கள். கமகத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

இந்தப் படத்துக்கு, பாட்டு முடிந்ததும் ப்ராஜெக்டை ஒரு நகல் எடுங்கள். நகலில் கீஸ்விட்ச்களை அழியுங்கள். டிராக் டிலேயைப் பூஜ்யமாக்கி, கையால் இழுத்த நோட்டுகளைத் திரும்பத் தள்ளி, பதினாறாம் நோட்டுக்கு (ஒரு பீட்டில் கால் பங்கு) கறாராகக் குவாண்டைஸ் செய்யுங்கள், அதாவது நோட்டுகளைத் தாளக் கட்டத்தில் சரியாக உட்கார வையுங்கள். ட்ரிப்லெட் (இரண்டு நோட்டின் நேரத்தில் மூன்று) இருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். லெகாட்டோவுக்கு ஒன்று, பிட்சிகாட்டோவுக்கு ஒன்று என்று பிரித்த டிராக்குகளை ஒரே வயலினாகச் சேர்த்த பிறகுதான் நொட்டேஷனில் திறக்க வேண்டும். ஒரே வில்லில் வரும் நோட்டுகளைச் சேர்க்கும் ஸ்லர் என்ற வளைகோடு, சத்தத்தின் ஏற்ற இறக்கம் எல்லாம் அங்கே உட்கார்ந்து நீங்களே போடுவது. ஒரு நிமிட இசைக்கு ஒரு மாலை ஆகலாம். ஆகட்டும்.

ஐந்து பேருக்கு மியூஸ்கோர் தாராளமாகப் போதும், அது இலவசமும்கூட. 2016-இல் வந்த டோரிக்கோவில் எனக்குப் பிடித்தது, எழுதிய நீளத்தையும் ஒலிக்கிற நீளத்தையும் அது தனித்தனியாக வைத்துக்கொள்வது. கால் நோட்டைக் குறுக்கி வாசித்தாலும் தாளில் அது கால் நோட்டாகவே நிற்கும். மிடியிலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஃபினாலே என்ற இன்னொரு நொட்டேஷன் மென்பொருளை யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2024-இல் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டார்கள்.

ஒவ்வொரு பாருக்கும் எண் போடுங்கள். "முப்பத்தேழுலேர்ந்து" என்றதும் ஐந்து பேரும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். செஷனுக்கு இரண்டு நாள் முன்னதாக, வயலின் வாசிக்கும் யாரிடமாவது ஒரு பக்கத்தைக் கொடுத்து, நீங்கள் எதுவும் சொல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே திருத்துங்கள்.

அன்புடன்.